கை முகரும் பிள்ளைகள்

சிட்டுவின் வீட்டுக்கு யார் வந்தாலும் வாசலிலேயே ஒரு சோதனையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். மணி அடித்ததும் அவள் ஓடி வருவாள். வந்தவரின் வலது கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையை மூக்கில் வைத்து நிதானமாக ஒரு மூச்சு இழுப்பாள். பிடித்திருந்தால் கையை விடாமல் அப்படியே உள்ளே அழைத்துப் போய் உட்கார வைப்பாள். பிடிக்காவிட்டால் கையை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தப் பார்ப்பாள். கூரியர்காரர் இதற்குப் பழகிவிட்டார். பார்சலை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, யாரும் கேட்காமலே வலது கையை நீட்டிவிடுவார்.

அவளுக்கு ஒன்பது வயது. தெரிந்த வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். முக்கால்வாசி நேரம் வாயில் வருவது 'தண்ணி'தான். குழாயைத் திறப்பதும் மூடுவதும் அவளுக்கு அலுக்கவே அலுக்காத வேலை. யாராவது தும்மினால் போதும், அதைவிடப் பெரிய வேடிக்கை உலகத்தில் கிடையாது என்பதுபோல் தரையில் உருண்டு சிரிப்பாள். வீட்டில் யாருக்காவது சளி பிடித்தால் அவளுக்குக் கொண்டாட்டம். தூக்கம் மட்டும் அவளோடு ஒத்துப்போகவில்லை. வெளியே இன்னும் இருட்டாக இருக்கும்போதே எழுந்து உட்கார்ந்து, அம்மாவின் கண்ணிமையை விரலால் தூக்கி, உள்ளே ஆள் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பாள்.

அப்பா எலெக்ட்ரீஷியன். ஊரில் எழும்பும் புதுக் கட்டடங்களுக்கெல்லாம் வயரிங் செய்பவர். சொந்த வீட்டில் மட்டும் எந்த சுவிட்சும் ஒழுங்காக வேலை செய்யாது. அம்மா ஒரு கண்ணாடிக் கடையில் ஃப்ரேமுக்கு ஏற்றபடி லென்ஸைத் தேய்த்துப் பொருத்துகிறவள். மாடியில் அப்பாவின் அக்கா இருந்தாள், சிட்டுவுக்கு அத்தை. பள்ளிக்கூடச் சீருடை தைப்பது அவள் தொழில். தனிக்கட்டை, ஆனால் கீழ்வீட்டில் பால் பொங்கினால்கூட மேலேயிருந்து குரல் வரும்.

சிட்டுவைப் பற்றி அத்தைக்கு அசைக்க முடியாத ஒரு கருத்து இருந்தது. பிள்ளையிடம் ஒரு கோளாறும் இல்லை, கோளாறெல்லாம் வளர்ப்பில்தான். அம்மா செல்லம் கொடுக்கிறாள், அப்பா கண்டுகொள்வதில்லை, ஒரு மாதம் தன் கையில் விட்டால் நிமிர்த்திக் காட்டுவேன் என்று அடிக்கடி சொல்வாள். அம்மா எதிர்த்துப் பேசமாட்டாள். அடுப்படியில் பாத்திரம் கொஞ்சம் பலமாக விழும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பேச்சு அவளுக்குள் போய்த் தங்கிவிடும். சிட்டு விடியாத வேளையில் குழாயோடு விளையாட, பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றபடி, ஒருவேளை அண்ணி சொல்வதுதான் சரியோ என்று யோசிப்பாள்.

அந்த வருஷம் மருத்துவமனையில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். டாக்டர் முடிவைப் பார்த்துவிட்டு, ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று வேலை செய்யவில்லை, அதனால் மூளைக்கு வேண்டிய ஒரு புரதம் பாதி அளவுதான் உருவாகிறது என்றார். அதற்கு மேல் தனக்கும் தெரியாது, இப்படி ஒரு பிள்ளையைப் பார்ப்பது இதுவே முதல் தடவை என்று ஒளிக்காமல் சொன்னார். ஆனால் அதே புரதத்தை எலிகளிடம் ஆராய்கிற ஒரு பெண் இருக்கிறார், அவரிடம் உங்கள் நம்பரைக் கொடுக்கலாமா என்று கேட்டார். அப்பா உடனே தலையாட்டிவிட்டார்.

சில வாரம் கழித்து அந்தப் பெண்ணே போன் செய்தார். மூக்கடைத்த, தயக்கமான குரல். தேடியதில் ஐந்து குடும்பங்கள் அகப்பட்டிருக்கின்றன, எல்லாரையும் ஒரு சனிக்கிழமை தங்கள் ஆராய்ச்சி நிலையத்துக்கு அழைத்துப் பேச விரும்புகிறேன் என்றார். விஷயம் மாடிக்குப் போனதும், எலி டாக்டரிடம் போய் மனுஷப் பிள்ளையைக் காட்டப் போகிறார்களாம் என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். சனிக்கிழமை காலையில் எல்லாருக்கும் முன்னால் கைப்பையும் தண்ணீர் பாட்டிலுமாக வாசலில் நின்றவளும் அவள்தான்.

ஆராய்ச்சி நிலையத்தில் தரைத்தளத்துக் கூட்ட அறையைத் திறந்து வைத்திருந்தார்கள். நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. ஒரு மேசையில் டீ ஃப்ளாஸ்க்கும் பிஸ்கட்டும். ஒன்று விட்டு ஒரு நாற்காலியில் டிஷ்யூ பெட்டி. யாருக்கு இத்தனை சளி என்று அத்தை விசாரித்துக்கொண்டிருக்கும்போதே, உள்ளேயிருந்து பனைமரம் மாதிரி வளர்ந்த ஒரு பையன் ஓடி வந்தான். மீசை அரும்பும் வயசு. நேரே அம்மாவிடம் வந்தான், வலது கையைப் பிடித்தான், உள்ளங்கையை மூக்கில் வைத்து ஒரு மூச்சு இழுத்தான். கையை விடாமல் அவளை உள்ளே கூட்டிப் போய் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தான்.

பின்னாலேயே அவனுடைய அம்மா மன்னிப்புக் கேட்டபடி ஓடி வந்தாள். வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். அவள் கை சிட்டுவின் மூக்கில் இருந்தது.

"உங்க பொண்ணுமா?" என்றாள்.

"உங்க பையனுமா?" என்றாள் அம்மா.

 இருவருக்கும் சிரிப்புத்தான் வந்தது, கொஞ்சம் கண்ணீரும். இத்தனை வருஷமாக அது உலகத்திலேயே தன் மகள் ஒருத்தி செய்யும் காரியம் என்று அம்மா நினைத்திருந்தாள். அந்தத் தாயும் அப்படியே நினைத்திருந்தாள். அடுத்து வந்த, பேக்கரி நடத்தும் ஓர் அம்மாவின் இடுப்பில் இருந்த ஆறு வயதுப் பெண்ணும் கீழே இறங்காமலே எட்டி எட்டி எல்லார் கையையும் முகர்ந்தாள். பாக்கி இரண்டு குடும்பங்களும் வந்து சேர்ந்தபோது யாரும் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. நுழையும்போதே எல்லாரும் கையை நீட்டிக்கொண்டே நுழைந்தார்கள். ஒரு பிள்ளையின் சட்டைக் காலர் ஈரமாக இருந்தது. சிட்டுவின் காலரும் அப்படித்தான் இருக்கும், கடித்துக் கடித்து. அப்பா பார்த்துவிட்டு, சொந்தக்காரக் கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருக்கிறது, எல்லாம் ஒரே ஜாடை என்றார்.

நெடுநெடு பையனைக் கேப்டன் என்று கூப்பிட்டார்கள். அவன் அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர், பி.டி. மாஸ்டர். கழுத்தில் விசில், இஸ்திரி கலையாத சட்டை, நின்றால் சுவருக்கு நேராக நிற்பார். அத்தைக்குப் பார்த்ததுமே அவரைப் பிடித்துப்போயிற்று. பிள்ளை வளர்க்கத் தெரிந்த மனிதர் என்று முகத்திலேயே எழுதியிருக்கிறது என்று அம்மாவின் காதில் விழும்படி சொன்னாள். பிறகு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பையனை எப்படிக் கண்டித்து வளர்த்தீர்கள் என்று கேட்டாள். மாஸ்டர் மறைக்காமல் சொன்னார். நடக்கத் தொடங்கியதிலிருந்து கால அட்டவணை, காலையில் ஓட்டம், தப்புக்குத் தண்டனை, சரிக்குப் பாராட்டு, பன்னிரண்டு வருஷமாக ஒரு நாள் விடவில்லை. அத்தை பெருமையோடு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்புறம்? பலன் இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு. நேரத்துக்குப் பல் தேய்க்கிறான், நேரத்துக்குச் சாப்பிடறான்," என்றார் மாஸ்டர். "மத்தபடி கை முகர்றது, குழாயடி, காலர் கடிக்கிறது, ராத்திரி முழிப்பு எல்லாம் அப்படியேதான் இருக்கு. நான் விசில் ஊதினா ஸ்கூலே நிக்கும். இவன் சிரிப்பான்."

அத்தை எதிர்வரிசையைப் பார்த்தாள். பேக்கரிக்காரம்மா ஆறு வயதுப் பெண்ணுக்கு பிஸ்கட்டை ஊறவைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். செல்லம் என்றால் அப்படி ஒரு செல்லம். ஒவ்வொரு வாய்க்கு நடுவிலும் அந்தப் பெண்ணும் காலரைக் கடித்துக்கொண்டிருந்தாள். அத்தை மாஸ்டரைப் பார்த்தாள், மறுபடி பேக்கரிக்காரம்மாவைப் பார்த்தாள். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவள் வாயே திறக்கவில்லை, அப்படி ஒன்று நடந்ததாக வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

அந்த அமைதியில்தான் பிள்ளைகள் ஐவரையும் காணோம் என்பது எல்லாருக்கும் உறைத்தது. தேட வேண்டியிருக்கவில்லை. நடைபாதையில் தண்ணீர் அவர்களைத் தேடி வந்தது. கழிவறையில் இருந்த எல்லாக் குழாயும் திறந்திருந்தன. பிள்ளைகள் தோளோடு தோள் ஒட்டி நின்று, தண்ணீர் விழுவதை மெய்மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சண்டை இல்லை, கூச்சல் இல்லை. இப்படி ஒருவரோடு ஒருவர் ஒட்டி நின்று சிட்டு விளையாடியதை அம்மா பார்த்ததே இல்லை. பள்ளியில் அவள் எப்போதும் தனியாகத்தான் இருப்பாள். குழாயை மூட அம்மாவுக்கு மனசே வரவில்லை. அப்பா நடைபாதையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் வயரை ஓடிப்போய்ப் பிடுங்கினார். மாஸ்டர் விசில் ஊதினார், ஐந்து பிள்ளைகளும் சிரித்தார்கள். பெரியவர்கள் பேண்ட்டை மடித்துக்கொண்டு துடைப்பமும் வாளியுமாக இறங்கினார்கள்.

ஆராய்ச்சியாளர் லேப்டாப்பை மார்போடு அணைத்தபடி படியிறங்கி வந்தது அப்போதுதான். மெலிந்த உடம்பு, சிவந்த மூக்கு, நாற்பதை ஒட்டிய வயசு. முந்தின நாள் முழுவதும் கண்ணாடி முன்னால் நின்று, வருத்தத்தில் இருக்கும் பெற்றோரிடம் எப்படிப் பேசுவது என்று பழகியிருந்தார். டிஷ்யூ பெட்டிகளை வைத்ததும் அவர்தான். அழுதுகொண்டிருப்பார்கள் என்று நினைத்து வந்தவர், முழங்கால் வரை நனைந்து கலகலவென்று சிரித்துக்கொண்டு தரை துடைக்கும் கூட்டத்தைப் பார்த்துத் தவறான அறைக்கு வந்துவிட்டோமோ என்று அறை எண்ணைத் திரும்பிப் பார்த்தார்.

கேப்டன் அவரிடம் போனான். கையைப் பிடித்தான், மூக்கில் வைத்தான். வழக்கமான ஒரு மூச்சோடு நிற்கவில்லை. மணிக்கட்டு, விரல் இடுக்கு என்று நெடுநேரம் முகர்ந்தான். ஆராய்ச்சியாளரின் முகம் வெளுத்துவிட்டது. லேப்டாப்பைப் பக்கத்தில் இருந்தவர் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். பயந்துவிட்டார் என்று நினைத்து மாஸ்டர் மகனை விலக்கப் போனார். வேண்டாம் என்று அவர் கை காட்டினார்.

"பதினோரு வருஷமா தினமும் இதைப் பாத்திருக்கேன்," என்றார். "பெட்டிக்குள்ள, கேமராவுல. புதுசா ஒரு எலியை உள்ள விட்டா, மத்த எலியெல்லாம் மூலையில ஒதுங்கும். இந்தப் புரதம் கம்மியா இருக்கறது மட்டும் நேரா ஓடிப்போய் அதோட முன்னங்காலை மோந்து பாக்கும். இப்படியேதான்."

சொல்லி முடித்ததும் தும்மினார். ஒன்று, இன்னொன்று, அடுத்து இன்னொன்று.  பிறகு ஐந்து பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஈரத்தரையில் விழுந்து உருண்டார்கள். கேப்டன் சிரித்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவர்களைப் பார்த்துப் பெரியவர்களும் சிரிக்க ஆரம்பித்தார்கள். தனக்கு எலி ஒத்துக்காது, அருகில் போனாலே தும்மல்தான், ஆனால் எலியை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கவும் மனசு வரவில்லை என்று அவர் மூக்கைத் துடைத்தபடி சொன்னார். அன்று டிஷ்யூ பெட்டிகள் தீர்ந்துபோனது அவருடைய மூக்கினால்தான். அத்தை அவருக்கு அப்போதே எலி மேடம் என்று பெயர் வைத்துவிட்டாள். கடைசிவரை வேறு பெயர் யாரும் சொல்லவில்லை.

தரை காய்ந்ததும் எல்லாரும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டார்கள். லேப்டாப் திறக்கப்படவே இல்லை. எலி மேடம் வாயாலேயே சொன்னார். மூளையில் ஒரு நரம்புச் செல்லும் அடுத்த செல்லும் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. நடுவில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. இந்தப் பக்கத்திலிருந்து ரசாயனம் துளித்துளியாகத் தாண்டும். அந்தப் பக்கத்துச் செல்லின் மேல் அதைப் பிடிப்பதற்கென்றே ஏற்பிகள் இருக்கின்றன. பிடித்ததும் உள்ளே சேதி போகும். ஆனால் ஏற்பி ஓரிடத்தில் நிற்காது, வழுக்கிக்கொண்டே இருக்கும். அதைச் சரியான இடத்தில் பிடித்து நிறுத்துவது அடியில் இருக்கும் ஒரு புரதம். நம்முடைய புரதம் அதுதான் என்றார். 'நம்முடைய' என்று அவர் சொன்னதை அம்மா கவனித்தாள்.

"பல்பும் நல்லாத்தான் இருக்கு, கரண்டும் வருது. ஹோல்டர் லூஸ்," என்றார் அப்பா.

எலி மேடம் யோசித்துவிட்டு, ஏறக்குறைய அதுதான், ஆனால் இந்த ஹோல்டருக்கு இன்னும் வேலை அதிகம் என்றார். பல்பைப் பிடித்துக்கொள்வதோடு, எரிந்ததும் சேதியை உள்ளே யாரிடம் சேர்ப்பது, எப்போது போதும் என்று நிறுத்துவது என்பதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். அது பாதியாக இருந்தால் சில சேதிகள் மங்கலாகப் போகும், சில நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். குழாயை மூடச் சொன்னால் காதில் விழாததும், ஒரு தும்மலுக்கு அரைமணி நேரம் சிரிப்பதும் அதனால் இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொன்னார்.

பேக்கரிக்காரம்மா மெதுவாக, இது யார் பக்கத்திலிருந்து வந்தது என்று கேட்டாள். அவள் கேட்ட விதத்திலேயே, வீட்டில் அது எத்தனை முறை பேசப்பட்டிருக்கும் என்பது தெரிந்தது. யார் பக்கத்திலிருந்தும் இல்லை என்றார் எலி மேடம். பிள்ளைகளோடு சேர்த்து அப்போதே ஐந்து பேரின் பெற்றோர் ரத்தத்தையும் சோதித்தாகிவிட்டது. நீளமான ஒன்றைப் பிரதி எடுக்கும்போது ஓர் எழுத்து தவறுவதுபோல, அந்தந்தப் பிள்ளையிடம் புதிதாக வந்தது. யாரும் எதையும் செய்ததால் வரவில்லை, செய்யாததால் வரவில்லை. வளர்ப்பும் காரணம் இல்லை. அம்மா அத்தையைப் பார்க்கவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தைக்கு ஆனால் வேறு ஒன்று உறுத்தியது. "ஏம்மா, அப்ப எங்க புள்ளைங்களை எலியோட சேத்துப் பேசறீங்களா?"

 எலி மேடம் மழுப்பவில்லை.

"ஆமாங்க. அந்தப் புரதம் எலிக்கும் நமக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். உங்களுக்கும் எனக்கும் முழுசா இருக்கு, இவங்களுக்குப் பாதி. எலியை நான் மட்டமா நினைக்கலீங்க. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அதுங்க சொல்லிக் கொடுத்ததுதான்."

அத்தை அதை மனசுக்குள் ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். பிறகு எலி மேடத்தின் தட்டில் இரண்டு பிஸ்கட் எடுத்து வைத்து, காலையில் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அதட்டினாள். அவளைத் தெரிந்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும்.

மாஸ்டர் மருந்து எப்போது வரும் என்று கேட்டார். பல வருஷம் ஆகும், வராமலும் போகலாம் என்றார் எலி மேடம். வளர்ந்த எலிகளுக்கு அந்தப் புரதத்தைத் திருப்பிக் கொடுத்துப் பார்த்ததைச் சொன்னார். சிலது மாறியது, சிலது மாறவில்லை. எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அம்மா மட்டும் சிட்டுவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஈரக் கவுனோடு கேப்டனின் முதுகில் சாய்ந்து, இன்னும் மிச்சமிருந்த சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் புரதம் முழுசா வந்துட்டா, இந்தச் சிரிப்பும் போயிடுமா?" என்று கேட்டாள்.



"தெரியலீங்க," என்றார் எலி மேடம். "அந்த எலிங்க முகத்தைப் புண்ணாகற வரைக்கும் தேய்ச்சுக்கும். அது நின்னுச்சு. அதோட, புது எலி வந்தா ஓடிப்போய்ப் பாக்கறதும் குறைஞ்சு போச்சு. மத்ததுங்க மாதிரி மூலையில ஒதுங்க ஆரம்பிச்சுதுங்க. அதை நான் முன்னேற்றம்னு எழுதினேன். இன்னிக்குக் காலையில வரைக்கும் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன்."

  பேக்கரிக்காரம்மா மகளை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள். எலி மேடம்தான் மறுபடி ஆரம்பித்தார். ஒன்றே ஒன்றை மாற்றலாம் என்றால் எதைக் கேட்பீர்கள் என்றார். பேச்சு வர வேண்டும் என்றுதான் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தார். மாஸ்டர் தூக்கம் என்றார். பேக்கரிக்காரம்மாவும் தூக்கம் என்றாள். அடுத்த குடும்பமும், அதற்கடுத்ததும். அப்பா கொட்டாவி விட்டபடியே தூக்கம் என்றதும் வட்டமே சிரித்தது. பிள்ளைக்கா உங்களுக்கா என்று எலி மேடம் கேட்க, இரண்டும் ஒன்றுதான் என்று ஐந்து அம்மாக்களும் ஒரே குரலில் சொன்னார்கள்.

எலிகள் எப்படித் தூங்குகின்றன என்று அத்தை கேட்டாள்.  எலி பகலில் தூங்கும் பிராணி. ஆராய்ச்சி நடப்பதும் பகலில்தான்.

"தூங்கற எலியை எழுப்பி எழுப்பித்தான் இத்தனை வருஷமா சோதனை பண்ணியிருக்கோம்," என்றார் எலி மேடம், தனக்கே அது இப்போதுதான் தெரிந்ததுபோல. "அதுங்க சரியாத் தூங்குதான்னு நாங்க பாக்கவே இல்ல."

"பாவம் எலி," என்றாள் அத்தை.

திரும்பும்போது பஸ்ஸில் சிட்டு அப்பாவின் மடியில் அயர்ந்துவிட்டாள். அத்தை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.  பாதி வழி போனபின் அத்தை, முகத்தைத் திருப்பாமல், ஜன்னலிடம் சொல்வதுபோல் சொன்னாள்.

"அந்த மாஸ்டராலயே முடியலைன்னா நீ என்ன பண்ணுவே."

 விடுங்க அண்ணி என்றாள் அம்மா.

"நாளையிலேர்ந்து அவ எழுந்ததும் மாடிக்கு அனுப்பிடு. நான் எப்படியும் சீக்கிரம் எழறவதானே."

அது சுத்தப் பொய். வெயில் முகத்தில் விழுந்தாலும் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு தூங்குகிறவள் அத்தை. அப்பா என்னவோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவர் காலை லேசாக மிதித்தாள்.

மறுநாள் இருட்டோடு அம்மாவின் இமை தூக்கப்பட்டது. அவள் சிட்டுவை மாடிக்குக் கூட்டிப் போய்க் கதவைத் தட்டினாள். அத்தை திறந்தாள். தலை பரட்டை, ஒரு கண்தான் திறந்திருந்தது. ஆனாலும் வலது கையை நீட்டினாள். அம்மா கீழே வந்து படுத்தாள். தூக்கம் வரவில்லை. மேலே எது உடையும், யார் கத்துவார்கள் என்று காதைக் கொடுத்துக் கிடந்தாள். குழாய்ச் சத்தம் கேட்டது, அத்தை அதட்டுவது கேட்டது, மறுபடி குழாய். பிறகு தையல் மிஷின் ஓடும் சத்தம். அது சீராகப் போய்க்கொண்டே இருந்தது. எழுந்து போய்ப் பார்க்கலாமா என்று அப்பாவிடம் கேட்டாள். பேசாமல் படு என்றார் அவர். அதற்குப் பிறகு அவளுக்கு எதுவும் தெரியாது. கண் விழித்தபோது அறை முழுக்க வெயில்.

மேலே ஓடினாள். சிட்டு மிஷினுக்கு அடியில் சம்மணம் போட்டு, மிதி ஏறி இறங்குவதை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நனைந்த மூன்று கவுன்கள் கொடியில் தொங்கின. அத்தையின் கண்கள் சிவந்திருந்தன.

"தூங்கினியா?"

"ஆமா அண்ணி. செத்தவ மாதிரி தூங்கிட்டேன்."

"நல்லது. நாளைக்கு ஒரு டவல் சேத்துக் கொடுத்து அனுப்பு," என்று சொல்லிவிட்டு அத்தை மிஷினை மிதித்தாள். மிதிக்கும்போதே இரண்டு முறை கொட்டாவி விட்டாள்.

அடுத்த மாதம் எலி மேடம் அப்பாவைக் கூப்பிட்டார். எலிகள் தூங்குவதைப் பார்க்க ஓர் அறையை ஒதுக்கியிருக்கிறார்கள்; இருட்டு வேளைக்கு சிவப்பு விளக்கு வேண்டும், எலிகளின் கண்ணுக்கு அது அவ்வளவாகத் தெரியாது; விளக்கு தானாக எரிந்து அணையவும் வேண்டும். அப்பா தன் சாமான் பையோடு போய் ஒரு நாள் முழுக்க இருந்து முடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். சாப்பிடும்போது அத்தையும் கீழே வந்து உட்கார்ந்து விவரம் கேட்டாள். மற்ற பெட்டிகளில் எலிகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து தூங்கிக் கிடந்தன என்றார் அப்பா. புரதம் பாதியாக இருக்கும் நம்ம பெட்டியில் ஒன்று மட்டும் எழுந்து நின்று, தூங்குகிற எலியின் முகத்தை முகர்ந்துகொண்டே இருந்தது. அந்த எலி புரண்டு படுத்தது, இது அந்தப் பக்கம் போய் மறுபடி முகர்ந்தது.

"நம்ம வீட்டு விடியக்காலம் மாதிரியே இருந்துச்சு," என்றார். அம்மா சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தாள்.

அதற்கப்புறம் ஒருநாள் அம்மா கடையில் மதிய இடைவேளையில் இருக்கும்போது எலி மேடமே அவளுக்குப் போன் செய்தார். தூக்கத்தைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்வதற்கில்லை, கேமரா ஓடுகிறது, பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார். வேறு ஒரு விஷயம். புது எலி வந்தால் ஓடிப்போய் முகர்கிறதே, அதை இதுவரை குறைகளோடு சேர்த்து எண்ணிவந்தார்கள். இனிமேல் தனியாக எண்ணப் போகிறார். மருந்து எதைக் குறைக்கிறது என்பதோடு எதைக் கெடுக்கிறது என்பதும் தெரிய வேண்டும் இல்லையா. ஆனால் அதற்கு ஒரு பெயர் வேண்டும். 'அச்சமின்மைக் கோளாறு' என்று இத்தனை நாள் எழுதியதை மறுபடி எழுதக் கை வரவில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா என்று கேட்டார்.

அம்மா கையில் இருந்த லென்ஸைத் துணியில் துடைத்தபடி கொஞ்சம் யோசித்தாள்.

"வரவேற்புன்னு வைங்களேன்," என்றாள்.

மறுமுனையில் எழுதும் சத்தம் கேட்டது.

வீட்டுக்கு வந்தபோது மாடியில் ஒரே ரகளை. அடுத்த கூட்டம் மாஸ்டரின் பள்ளி மைதானத்தில் என்று முடிவாகியிருந்தது. போன முறை மாதிரி ஐந்தும் தொப்பலாக நனைந்து சளி பிடித்துக்கொள்ளக் கூடாது என்று, அத்தை மழைக்கோட்டுத் துணி வாங்கி ஆளுக்கு ஒரு மேலங்கி வெட்டத் தொடங்கியிருந்தாள். சிட்டு துணியின் மேலேயே படுத்துக் கிடந்தாள். போன் ஸ்பீக்கரில் மாஸ்டர் கேப்டனின் அளவைச் சொல்லிக்கொண்டிருந்தார். அது போன மாதத்து அளவு, அதற்குள் பையன் இன்னும் வளர்ந்திருப்பான் என்று சொல்லி அத்தை அதை ஏற்க மறுத்தாள். நிற்க வைத்து இப்போதே அளந்து சொல்லுங்கள் என்று அவரை விரட்டினாள். மறுமுனையில் மாஸ்டர் டேப்பைத் தேடப் போனார்.

அம்மா கைப்பையைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். மகளைத் துணியிலிருந்து மெதுவாக உருட்டிவிட்டு, துணியின் மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"வெட்டுங்க அண்ணி," என்றாள்.